படித்துறை நீரும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

கேள்வி: ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுகின்றனவாமே? தாமிரபரணியில் குளிக்கும் எங்களுக்கு அதனால் என்ன?
– வாசகி, குறுக்குத்துறை

பதில்: நாம் விழுங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் பாக்டீரியாக்கொல்லி மாத்திரையில் ஏறக்குறைய பாதி, மாற்றமடையாமலே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. நோயாளிகள் பலர் பயன்படுத்தும் கழிப்பறைகளின் சாக்கடையில் இத்தகைய மருந்துகள் நீர்த்த அளவில் எப்போதும் கலந்திருப்பதால், அவற்றைத் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாக்களுக்கே அங்கு வாழ்வு. அதைவிடக் கவலைக்குரியது, அவை தம் எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் வைத்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடுவதுதான். அடுத்த வீட்டுக்கு உறைமோர் கொடுப்பதைப் போல, கொடுத்தவரிடம் எதுவும் குறைவதில்லை.

இது வெறும் ஊகமன்று. டெல்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் 2இலும், தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும் என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு இருந்ததாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவமனைகள் திரவக் கழிவைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் கூறுகின்றன. ஆனால் குளோரின் கிருமியைக் கொன்றாலும், மரபணுவை முழுதாக அழித்துவிடும் என்று சொல்வதற்கில்லை.

ஆற்றில் குளிப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன். நெல்லைக்காரர் எவரும் கேட்கவும் மாட்டார். சாக்கடை வந்து சேரும் இடத்துக்குக் கீழ்ப்போக்கில் ஆற்றில் இறங்காதீர்கள். ஆறாத புண் இருந்தால் படியிலேயே அமர்ந்துவிடுங்கள். குடிநீரை நன்கு கொதிக்கவைத்தால் இந்தக் கிருமிகளும் மற்றவற்றைப் போலவே மடியும்.