பின்னு பொருந்துது, சத்தம் பொருந்தலையே!

இந்த தடவை வந்த கேள்விகள்ல பெரும்பாலானது ஒரே புலம்பல்தான். ஸ்பீக்கர் நல்லா இருக்கு, லேப்டாப்பும் நல்லா இருக்கு, ரெண்டையும் சேர்த்தா மட்டும் வேலை செய்யமாட்டேங்குதுன்னு. அதனால மொபைல், பிரிண்டர் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், டெஸ்க்டாப் வச்சிருந்த காலத்துல ஆசையா வாங்கின 5.1 ஸ்பீக்கர் செட் இருக்கு. பச்சை, கருப்பு, ஆரஞ்சுன்னு மூணு பின். இப்ப லேப்டாப்புக்கு மாறிட்டேன், இதுல ஒரே ஒரு ஓட்டைதான். பச்சையை குத்தினா முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர் மட்டும் பாடுது, சப் ஊஃபர் ஊமையா கிடக்கு. கடையில கேட்டா "7.1 சவுண்ட் கார்டு"ன்னு பென் டிரைவ் சைஸ்ல ஒண்ணு குடுத்தாங்க, அதுலயும் அதே ரெண்டு ஸ்பீக்கர்தான். செட்டை பழைய இரும்புக்கு போட்டுடவா?
வங்கி ஊழியர், சேலம்

போட்டுடாதீங்க சார், அந்த காலத்து செட்ல இருக்கற சப் ஊஃபர் பெட்டி இன்னிக்கு அதே விலைக்கு கிடைக்கறது கஷ்டம்.

மூணு பின்னுலயும் தலைக்கு ரெண்டு சேனல் போகுது. பச்சையில முன்பக்க லெஃப்ட், ரைட். கருப்புல பின்பக்கம் ரெண்டு. ஆரஞ்சுல சென்டரும் சப் ஊஃபரும். ஆக ஆறு. உங்க லேப்டாப் ஓட்டையில வர்றது வெறும் ரெண்டு சேனல், அதோட ஹெட்செட் மைக்குக்கு ஒரு லைன், அவ்வளவுதான். மீதி நாலு சேனல் அந்த ஓட்டைக்கே வர்றதில்ல, அப்புறம் எந்த கன்வர்டர் பின்னை மாட்டினாலும் எங்கேர்ந்து வரும்?

இனி கடைக்காரர் குடுத்த அந்த குச்சி. அதை கையில எடுத்து ஓட்டையை எண்ணுங்க. ரெண்டே ஓட்டை இருக்கும், ஒண்ணு ஹெட்போனுக்கு, ஒண்ணு மைக்குக்கு. ஒரு ஸ்டீரியோ ஓட்டையில எட்டு சேனல் எப்படி வரும்னு அட்டையில 7.1னு அச்சடிச்சவங்களை கேட்டா "விர்ச்சுவல்"னு சொல்லுவாங்க, அதாவது ஹெட்போன்ல கேக்கறப்ப சுத்தி சத்தம் வர்ற மாதிரி ஒரு பிரமையை சாஃப்ட்வேர் உண்டாக்கும், உங்க ஆறு பெட்டிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அட்டையில என்ன எழுதியிருந்தாலும் சரி, சவுண்ட் அவுட்டுக்குன்னே மூணு ஓட்டையாவது தனித்தனியா இருக்கற யூஎஸ்பி சவுண்ட் கார்டுதான் உங்களுக்கு வேணும். கொஞ்சம் பெரிய டப்பாவா வரும், விலையும் கூடத்தான்.

வாங்கி மாட்டினதும் நிறைய பேர் இங்கதான் விட்டுடறாங்க: விண்டோஸ் அதை முதல்ல ஸ்டீரியோன்னுதான் எடுத்துக்கும். டாஸ்க்பார்ல ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் பண்ணி சவுண்ட் செட்டிங்ஸ் போங்க, கீழ மோர் சவுண்ட் செட்டிங்ஸ், அதுல பிளேபேக் லிஸ்ட்ல அந்த கார்டை தேர்ந்தெடுத்து கான்ஃபிகர் அழுத்துங்க, 5.1 சரவுண்ட் காட்டும். டெஸ்ட் பட்டனை தட்டினா ஒவ்வொரு பெட்டியா சத்தம் குடுக்கும். சென்டர்ல வரவேண்டியது சப் ஊஃபர்ல வந்தா பயப்படாதீங்க, சில செட்ல ஆரஞ்சு பின்னோட ரெண்டு லைனும் இடம் மாறித்தான் இருக்கும்.

இன்னொண்ணு, யூடியூப்ல நீங்க கேக்கற பாட்டு பெரும்பாலும் ஸ்டீரியோதான். பின்னாடி ஸ்பீக்கர் பேசணும்னா படம் 5.1 ஆடியோவோட இருக்கணும். பாட்டு மட்டும்தான் கேப்பேன், எல்லா பெட்டியும் பாடினா போதும்னா கார்டே வேணாம், ஸ்ப்ளிட்டர் கேபிள் வச்சு அதே ஸ்டீரியோவை மூணு பின்னுக்கும் பிரிச்சு குடுத்துடலாம். சென்டர்ல ஒரு பக்க சத்தம் மட்டும்தான் வரும், சுத்தமான 5.1ன்னு யாரும் ஒத்துக்கமாட்டாங்க, ஆனா வீட்டு விசேஷத்துக்கு தாராளமா ஓடும். ஒரு அவுட்புட்டை பல இன்புட்டுக்கு பிரிக்கறதுல தப்பில்ல. ரெண்டு அவுட்புட்டை ஒரே கேபிள்ல சேர்க்கறதுதான் கூடாது, லேப்டாப்பையும் போனையும் ஒண்ணா ஸ்ப்ளிட்டர்ல குத்தி ஒரே ஸ்பீக்கருக்கு குடுக்கற வேலையை செஞ்சிடாதீங்க.

கேள்வி: ஏனுங்க, என் புது லேப்டாப்ல ஹெட்போன் ஓட்டையே கிடையாதுங்க, ரெண்டு டைப்-சி மட்டும்தான். டைப்-சில இருந்து 3.5 எம்எம் கன்வர்டர் ஒண்ணு வாங்கினேன். ரூம்மேட் போன்ல மாட்டினா பாடுதுங்க, என் லேப்டாப்ல மாட்டினா கன்வர்டர் மாட்டினதே தெரியாத மாதிரி இருக்கு. லேப்டாப் ரிப்பேருங்களா?
கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ரிப்பேர் இல்ல தம்பி, கன்வர்டர் வேற ஜாதி.

டைப்-சிங்கறது ஓட்டையோட வடிவம் மட்டும்தான். ஒரே பிளாட்ஃபார்ம்ல வேற வேற ஊருக்கு பஸ் நிக்கற மாதிரி, உள்ள என்ன ஓடுதுங்கறது கருவிக்கு கருவி மாறும். சில போன்ல டைப்-சி வழியாவே அனலாக் சத்தம் நேரா வெளிய வரும். அந்த போனுக்குன்னு வர்ற கன்வர்டர்ல ஒண்ணுமே இல்ல, வெறும் ஒயர்தான். லேப்டாப்ல கிட்டத்தட்ட எல்லாத்துலயும் டைப்-சில டிஜிட்டல் மட்டும்தான் வரும், அதை சத்தமா மாத்த கன்வர்டருக்குள்ளயே ஒரு சிப் இருக்கணும். டேக்னு சொல்லுவாங்க. கடையில கேக்கறப்ப "டேக் உள்ள டைப்-சி கன்வர்டர்"னு அழுத்தி கேளுங்க, "எல்லாத்துக்கும் செட் ஆகும் தம்பி"ன்னு பதில் வந்தா அடுத்த கடைக்கு நடங்க. ஆப்பிள் விக்கற அந்த சின்ன கன்வர்டர்ல டேக் இருக்கு, விண்டோஸ் லேப்டாப்லயும் வேலை செய்யும்.

சோதிக்கறது சுலபம். மாட்டினதும் சவுண்ட் செட்டிங்ஸ்ல அவுட்புட் லிஸ்ட்ல புதுசா ஒரு பேர் வந்தா டேக் இருக்குன்னு அர்த்தம். வரலைன்னா உங்க கையில இருக்கறது ஒயர். லேப்டாப்பை கடைக்கே எடுத்துட்டு போய் அங்கயே மாட்டி பார்த்துட்டு காசு குடுங்க.

கேள்வி: அண்ணாச்சி, சின்னதா ரெண்டு ஸ்பீக்கர் வாங்குனேன். யூஎஸ்பில சொருகினா நீல லைட்டு ஜம்முன்னு எரியுது, சத்தம் மட்டும் இல்ல. ஏமாத்திட்டாவளா?
திருநெல்வேலி

அதே ஒயர்ல இன்னொரு பின் தொங்குதா பாருங்க அண்ணாச்சி, 3.5 எம்எம். அதையும் ஹெட்போன் ஓட்டையில சொருகுங்க. யூஎஸ்பி அந்த ஸ்பீக்கருக்கு கரண்டு குடுக்க மட்டும்தான், போன் சார்ஜர்ல சொருகினாக்கூட லைட்டு எரியும். ஒத்தை யூஎஸ்பி ஒயர் மட்டும் வர்ற ஸ்பீக்கரும் இருக்கு, அதுல சத்தமும் யூஎஸ்பிலயே போகும், ஆனா உங்களுது அது இல்லன்னுதான் தோணுது.

கேள்வி: எங்க பள்ளிக்கூட ஆண்டு விழாவுல பிள்ளைங்க டான்ஸுக்கு லேப்டாப்ல பாட்டு போட்டோம். சவுண்ட் சர்வீஸ்காரர் அவரோட கேபிள் ஒண்ணை லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவுல மாட்டினார். மியூசிக் வருது, பாடறவங்க குரலை காணோம்! ஒரு பழைய தேசபக்தி பாட்டு போட்டா அதுல சத்தமே வரல. லேப்டாப்ல ஹெட்போன் மாட்டி கேட்டா எல்லாம் சரியா இருக்கு. அவர் லேப்டாப்தான் கோளாறுன்னு சாதிக்கறார், எங்க ஹெச்எம் என்னை முறைக்கறாங்க.
ஆசிரியை, தஞ்சாவூர்

டீச்சர், உங்க மேலயும் தப்பில்ல, லேப்டாப் மேலயும் தப்பில்ல. இந்த இதழுக்கு வந்ததுல எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இதுதான், ஏன்னா நோயாளியே எல்லா அறிகுறியும் வரிசையா சொல்லிட்டீங்க.

லேப்டாப் பக்கம் போற பின்னை பாருங்க, கருப்பு கோடு ரெண்டு இருக்கும், அதால பின் மூணு துண்டா பிரிஞ்சிருக்கும். நுனியில லெஃப்ட் சத்தம், நடு வளையத்துல ரைட் சத்தம், அடியில கிரவுண்ட். மிக்ஸர் பக்கம் போற பெரிய பின், அதான் அந்த கால் இஞ்ச் பின், அதுலயும் அதே மாதிரி மூணு துண்டு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா மிக்ஸரோட லைன் இன்புட் ஸ்டீரியோவுக்கு ஆனது இல்ல, பேலன்ஸ்டு மோனோ. நுனியில ஒரு சத்தம், வளையத்துல அதே சத்தம் தலைகீழா வரும்னு அது எதிர்பார்க்கும், வந்ததும் ஒண்ணுலேர்ந்து ஒண்ணை கழிக்கும். நீளமான ஒயர்ல வழியில ஏறிக்கற இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கும் இல்லையா, கழிக்கறப்ப அது போயிடும், அதுக்காகத்தான் அந்த ஏற்பாடு.

இப்ப நீங்க அதுல ஸ்டீரியோ பாட்டை குடுத்தீங்க. மிக்ஸர் தன் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கு, லெஃப்ட்லேர்ந்து ரைட்டை கழிச்சிருக்கு. பாட்டுல குரலை நட்ட நடுவுலதான் வைப்பாங்க, அதாவது ரெண்டு பக்கமும் சமமா. சமமா இருக்கறதை கழிச்சா பூஜ்யம். குரல் போச்சு, கூடவே பேஸும் டிரம்ஸோட அடியும் பெருசா இறங்கிப்போயிருக்கும், யோசிச்சு பாருங்க. பக்கவாட்டுல வச்ச வயலின், கிடார், குரலோட எக்கோ இதெல்லாம் மட்டும் மிஞ்சும். பழைய தேசபக்தி பாட்டு மோனோ ரெக்கார்டிங்கா இருந்திருக்கும், லெஃப்ட்டும் ரைட்டும் அச்சு அசல் ஒண்ணு, அதான் மொத்தமும் காலி.

சவுண்ட் சர்வீஸ்காரர் மறுபடி சாதிச்சார்னா விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டி, ஆடியோ, அங்க மோனோ ஆடியோன்னு ஒரு சுவிட்ச் இருக்கு, அவர் முன்னாடியே ஆன் பண்ணுங்க. அதே கேபிள்ல எந்த பாட்டு போட்டாலும் சத்தம் அடங்கிடும். வேற விளக்கமே தேவையில்ல.

வழி என்னன்னா, லேப்டாப் பக்கம் 3.5 எம்எம் ஒண்ணு, மிக்ஸர் பக்கம் தனித்தனியா ரெண்டு மோனோ பின் இருக்கற ஒய் கேபிள் வாங்கி ரெண்டு சேனல்ல குத்தணும், ஒரு சேனலை லெஃப்ட் பக்கமும் இன்னொண்ணை ரைட் பக்கமும் திருப்பி வச்சுக்கலாம். பெரிய மேடைன்னா நடுவுல டிஐ பாக்ஸ், அதாவது லேப்டாப் சத்தத்தை மிக்ஸர் எதிர்பார்க்கற பேலன்ஸ்டு சத்தமா மாத்தற சின்ன டப்பா, போடறது நல்லது. மேடையில பிள்ளைங்க நிக்கறாங்க, கேபிள் இல்ல, என்ன பண்றதுன்னா, லேப்டாப் சவுண்ட் பேலன்ஸ்ல ரைட்டை பூஜ்யத்துக்கு கொண்டு வாங்க. கழிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம போகும், குரல் வந்துடும். ரைட் பக்க வாத்தியம் கொஞ்சம் போகும், டான்ஸ் நிக்காது.

கேள்வி: லேப்டாப்பை ஆம்ப்ளிஃபையர்ல குடுத்தா, சார்ஜர் மாட்டினதும் உம்முன்னு ஒரு இரைச்சல். சார்ஜரை கழட்டினா நிக்குது. நண்பர் ஒருத்தர் பிளக்ல எர்த் பின்னை உடைச்சுடுன்னு சொல்றார்.
மதுரை

அந்த நண்பர் சொல்றதை கேக்காதீங்க. இரைச்சல் நிக்கலாம், ஆனா உள்ள எங்கயாவது கரண்டு கசிஞ்சா அது போறதுக்கு வழி இருக்காது, அப்புறம் ஆம்ப் பாடியை தொடற கைதான் எர்த்.

சார்ஜர் வழியா ஒரு எர்த், ஆம்ப் வழியா இன்னொரு எர்த், நடுவுல ஆடியோ ஒயரோட கிரவுண்ட் ரெண்டையும் இணைக்குது, அந்த வளையத்துல ஓடற கரண்டுதான் உம்முன்னு கேக்குது. முதல்ல ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டி பாருங்க, சில சமயம் அதுவே போதும். இல்லன்னா கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு சின்ன டப்பா ஒண்ணு கிடைக்கும், உள்ள ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், ஆடியோ ஒயர் நடுவுல மாட்டணும். ரொம்ப மலிவானதுல பேஸ் கொஞ்சம் குறையும்.

கேள்வி: தாத்தா காலத்து பெட்டி ஸ்பீக்கர் ரெண்டு, சிவப்பு கருப்பு ஒயர் மட்டும் இருக்கு. ஒயரை சீவி 3.5 பின்ல சேர்த்து லேப்டாப்ல குத்தினேன், கொசு கத்தற மாதிரி கேக்குது.
விழுப்புரம்

ஹெட்போன் ஓட்டையில வர்ற பவர் காதுல மாட்டற சின்ன ஸ்பீக்கருக்கு ஆனது. பெட்டிக்குள்ள ஆம்ப் இல்லாத ஸ்பீக்கரை அதால தள்ள முடியாது, தொடர்ந்து அப்படி ஓட்டினா லேப்டாப் பக்கம்தான் அடி வாங்கும், உடனே கழட்டிடுங்க. சென்னை வந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஸ்டீரியோ ஆம்ப் போர்டு வாங்குங்க. போறதுக்கு முன்னாடி பெட்டி பின்னாடி 4 ஓம்மா 8 ஓம்மா, எத்தனை வாட்னு பார்த்து எழுதிக்கங்க, கடையில முதல்ல அதைத்தான் கேப்பாங்க. தாத்தாவோட பழைய ஆம்ப்ளிஃபையரும் பரண்ல இருந்தா இன்னும் நல்லது, ஆனா லேப்டாப் ஒயரை ஆக்ஸ், டேப், சிடின்னு எழுதின இடத்துலதான் குத்தணும். ஃபோனோன்னு எழுதியிருக்கறது ரெக்கார்டு பிளேயருக்கு, அதுல குத்தினா சத்தம் உடைஞ்சு கர்ணகொடூரமா கேக்கும்.

கேள்வி: லேப்டாப்ல இருந்து சவுண்ட் பாருக்கு ஹெச்டிஎம்ஐ நேரா குடுத்தேன், சத்தம் இல்ல. கேபிளை மாத்தியும் பார்த்தாச்சு.
குடும்பத்தலைவி, ஈரோடு

சவுண்ட் பார்ல அந்த ஓட்டை மேல ஏஆர்சின்னு எழுதியிருக்கும் பாருங்க. அது டிவியிலேர்ந்து திரும்பி வர்ற சத்தத்தை வாங்கறதுக்கு, லேப்டாப்புக்கு அந்த பாஷை தெரியாது. பார்ல ஹெச்டிஎம்ஐ இன்னுனு தனியா ஒரு ஓட்டை இருந்தா அதுல குத்துங்க. இல்லன்னா லேப்டாப்பை டிவியில குத்துங்க, டிவியோட ஏஆர்சி ஓட்டையிலேர்ந்து பாருக்கு ஒரு கேபிள். லேப்டாப்ல அவுட்புட் லிஸ்ட்ல டிவி பேரை தேர்ந்தெடுக்கவும், டிவி செட்டிங்ஸ்ல சவுண்ட் அவுட்டை ஏஆர்சிக்கு மாத்தவும் மறந்துடாதீங்க. டிவி வழியா போறதா இருந்தா ரெண்டு கேபிளும் வேணும் மேடம். பார்லயே நேரா குத்தறதா இருந்தா பழையதே போதும், புது கேபிளை திருப்பி குடுத்து காசு வாங்க முடிஞ்சா வாங்கிடுங்க.