தீம் பார்க் மாடல் ரயில்: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி: டிஸ்னிலேண்ட் மாதிரி ஒரு பார்க், அதைச் சுற்றி ஓடுகிற ரயில், இதுதான் நான் கட்ட நினைக்கும் லேஅவுட். என்னிடம் இருப்பது 8 அடிக்கு 4 அடி பலகை. எச்ஓ (HO, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவு) ஸ்டார்ட்டர் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், இன்ஜின், நாலு பெட்டி, வட்ட ட்ராக், கன்ட்ரோலர் எல்லாமே அதில் வந்துவிடுகிறது. வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சாதாரண ரயில் லேஅவுட் என்றால் பிடித்த இன்ஜினைப் பார்த்து ஸ்கேலை, அதாவது நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்குவது என்பதை, முடிவு செய்யலாம், தப்பில்லை. தீம் பார்க்கில் இடத்தை அடைப்பது ரயில் இல்லை, கோட்டையும் ராட்டினமும் ரோலர் கோஸ்டரும்தான். அதனால் ஸ்கேலை அவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் இருக்கும் ஸ்லீப்பிங் பியூட்டி கோட்டையின் உயரம் 77 அடி, சுமார் 23.5 மீட்டர். எச்ஓ ஸ்கேல் 1:87 என்பதால் அது 27 செ.மீ. ஆகிறது, 1:160 ஆன 'N' ஸ்கேலில் 15 செ.மீ.கூட வராது. உங்கள் பலகைக்கு 27 செ.மீ. அருமையான அளவு. அதே சமயம் ஃப்ளோரிடாவில் இருக்கும் சிண்ட்ரெல்லா கோட்டையைக் கட்ட ஆசைப்பட்டால் அது 189 அடி, எச்ஓவில் 66 செ.மீ., 4 அடி அகலப் பலகையில் அது நின்றால் வேறு எதுவும் கண்ணில் படாது. ஆக எச்ஓ ஸ்கேல் உங்களுக்குச் சரி. ஆனால் அந்த எச்ஓ ரயில் சரியா என்பது வேறு கேள்வி.

டிஸ்னிலேண்ட் ரயில் ஓடுவது 3 அடி கேஜில் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம்), அதாவது 914 மி.மீ. ஸ்டார்ட்டர் செட்டில் வரும் 16.5 மி.மீ. ட்ராக், 1435 மி.மீ. அகலமுள்ள முழு அளவு ரயில்பாதைக்கானது. அந்த இன்ஜினை 27 செ.மீ. கோட்டைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் பார்க்குக்குள் சரக்கு ரயில் வழிதவறி வந்தது மாதிரிதான் தெரியும். இதற்கு எச்ஓஎன்30 என்றொரு வழி இருக்கிறது, எச்ஓஇ என்றும் சொல்வார்கள். இன்ஜின், பெட்டி எல்லாம் 1:87 அளவிலேயே இருக்கும், ஓடுவது மட்டும் 'N' ஸ்கேலின் 9 மி.மீ. தண்டவாளத்தில். 9-ஐ 87-ஆல் பெருக்கினால் 783, நிஜமான 762 மி.மீ. குறுகிய பாதைக்கு அது ரொம்ப நெருக்கம், டிஸ்னிலேண்டின் 914-ஐவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மனித பொம்மைகள், பெஞ்சு, விளக்குக் கம்பம், ராட்டினம் எல்லாவற்றையும் எச்ஓவிலேயே வாங்கிக்கொள்ளலாம். இந்த வகையில் வரும் குட்டி நாலு சக்கர இன்ஜின்கள் 20 செ.மீ. ஆரத்தில்கூடத் திரும்பிவிடும், ஸ்டார்ட்டர் செட் வளைவுக்கோ பொதுவாக 18 இன்ச், 457 மி.மீ. ஆரம் வேண்டும். உங்கள் பலகையில் இது பெரிய வித்தியாசம்.

ஆன்30 பற்றியும் யாராவது சொல்வார்கள். 1:48 அளவு வண்டி, எச்ஓ தண்டவாளம். பாக்மன் நிறுவனம் இந்த வகையில் நல்ல இன்ஜின்கள் செய்திருக்கிறது, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஸ்லீப்பிங் பியூட்டி கோட்டையே அதில் 49 செ.மீ. ஆகிவிடும், அந்த ஸ்கேலில் ராட்டினங்களை நீங்களேதான் கட்ட வேண்டியிருக்கும். 8-க்கு 4 பலகைக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பிளான் போட மென்பொருள் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? ரயிலை மேட்டில் ஓட்டலாமா, தரையிலா?

பதில்: மென்பொருளுக்கு இப்போதைக்குக் காசு வேண்டாம். எக்ஸ்ட்ராக்கேட் (XTrackCAD) முழுக்க இலவசம். எனிரெயில் (AnyRail) மென்பொருளின் இலவசப் பதிப்பு 50 தண்டவாளத் துண்டு வரைதான் விடும், ஆனால் ஒரு பார்க் சுற்றுக்கு அதுவே போதும். பிளான் முடிந்ததும் ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்செடுத்து பலகைமேல் ஒட்டுங்கள், ராட்டினம், கோட்டை எல்லாவற்றுக்கும் அட்டைப்பெட்டியை வெட்டி அதே உயரத்தில் நிறுத்தி ஒரு வாரம் அப்படியே விடுங்கள். திரையில் தாராளமாகத் தெரிந்த நடைபாதை, அட்டையை வைத்ததும் ஒரு பொம்மைகூட நுழைய முடியாத சந்தாகிவிடும். இதெல்லாம் பசை தொடுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுவது நல்லது.

மேடுதான், சந்தேகமே வேண்டாம். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோதே ரயில் பார்க்கைச் சுற்றி எழுப்பிய மண்மேட்டின் மேல்தான் ஓடியது. உள்ளே நிற்பவர்களுக்கு வெளியுலகம் தெரியாமல் மறைப்பதும் அந்த மேடுதான். மாடலிலும் இது அப்படியே வேலை செய்யும். பலகை விளிம்பை ஒட்டி 5 செ.மீ. கெட்டி எக்ஸ்பிஎஸ் ஃபோமை (அடர்த்தியான தெர்மோகோல் மாதிரி) ஒட்டி, மேலே கார்க், அதற்கு மேல் ட்ராக், சரிவில் புல்லும் புதரும். உள்ளே நுழைய மேட்டின் அடியில் 3.5 செ.மீ. உயரத்துக்கு ஒரு சுரங்க வாசல் குடைந்தால் அது நிஜ அளவில் 3 மீட்டர், ஜனங்கள் தாராளமாக நடந்து போகலாம். அங்கேயும் வாசல் இப்படித்தான், ரயில் பாதைக்கு அடியில் புகுந்துதான் உள்ளே போக வேண்டும்.

சுற்று முழுவதும் ஒரே மட்டமாக இருக்கட்டும். ஒரு ரயிலுக்கு மேல் இன்னொரு ரயிலைத் தாண்ட வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முழு அளவு எச்ஓவில் அதற்குச் சுமார் 7.5 செ.மீ. ஏற வேண்டும், நூற்றுக்கு 2 சரிவு வைத்தால் ஏற மட்டுமே 3.75 மீட்டர், இறங்க இன்னொரு 3.75 மீட்டர் ஆகும். உங்கள் பலகையைச் சுற்றி வரும் மொத்தப் பாதையே 7 மீட்டருக்குள்தான். குட்டி ரயிலுக்கு உயரம் கொஞ்சம் குறையும், அப்போதும் பலகையில் பாதி சரிவுக்கே போய்விடும்.

அப்புறம் ஒன்று, கை எட்டும் தூரம் சுமார் 75 செ.மீ.தான். 4 அடிப் பலகையைச் சுவரை ஒட்டிப் போட்டால் பின்பக்கம் தடம்புரண்ட பெட்டியை எடுக்க முன்னால் இருக்கும் கோட்டைமேல் சாய வேண்டிவரும். பலகை நிற்கும் கால்களில் சக்கரம் மாட்டிவிடுங்கள், இழுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஃபாலர் (ஜெர்மன் மாடல் கிட் நிறுவனம்) எச்ஓ ஜயண்ட் வீல் ஒன்று பழையது விற்பனைக்கு வந்திருக்கிறது. புதியதில் பாதி விலைதான். "நன்றாக ஓடும்" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: வாய் வார்த்தையை நம்பாதீர்கள், ஓடுகிற வீடியோ கேளுங்கள், சத்தத்தோடு, குறைந்தது இரண்டு மூன்று நிமிடம். முதல் சுற்று எல்லா வீலும் அழகாகச் சுற்றும், மோட்டார் சூடான பிறகுதான் பல்சக்கரம் தேய்ந்திருப்பதும், வீல் கொஞ்சம் கோணலாக ஒட்டப்பட்டிருப்பதும் தெரியவரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கினால் அச்சு நேராக இல்லை என்று அர்த்தம். ஒட்டியாகிவிட்ட பிளாஸ்டிக்கை உடைக்காமல் பிரிக்க முடியாது, அதனால் அப்படிப்பட்டதை விட்டுவிடுங்கள். தொட்டில்கள் எத்தனை, எல்லாமே தானாக ஊசலாடி நிமிர்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மேலே போனதும் தலைகீழாகத் தொங்கும். ரப்பர் பெல்ட் அறுந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை மாற்றிக்கொள்ளலாம். கட்டாத கிட் பெட்டியோடு கிடைத்தால், பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள் எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று குறிப்புத்தாளோடு வைத்து எடுத்த படம் கேளுங்கள்.

இன்னொன்றை முக்கியமாகக் கேட்க வேண்டும், மோட்டார் எந்த மின்சாரத்தில் ஓடுகிறது? ஃபாலரின் ராட்டின மோட்டார்களில் 12 முதல் 16 வோல்ட் ஏசியில் ஓடுபவை உண்டு. உங்கள் ரயில் கன்ட்ரோலர் தண்டவாளத்துக்குக் கொடுப்பது டிசி. இரண்டையும் குழப்பி மாட்டினால் மோட்டார் கெட்டுப்போகலாம். ராட்டினங்களுக்கென்று தனி மின்வசதி வாங்கும் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகு அந்தப் பாதி விலை லாபமா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: டிசிசி (ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் கன்ட்ரோல்) வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்துகிறார்கள். தேவையா?

பதில்: ஒரு சுற்றில் ஒரே ரயில் என்றால் தேவையில்லை. நல்ல டிசி கன்ட்ரோலர் போதும், மிச்சமாகும் பணத்தில் நல்ல தண்டவாளம் வாங்குங்கள். ஒரே பாதையில் இரண்டு ரயிலைத் தனித்தனி வேகத்தில் ஓட்ட வேண்டும், இன்ஜினிலிருந்து சத்தம் வர வேண்டும் என்றால் மட்டும் டிசிசி. விளக்குகளை எப்படியானாலும் தண்டவாளத்திலிருந்து எடுக்காதீர்கள், ரயில் நின்றால் பார்க் இருண்டுவிடும். தனியாக 12 வோல்ட் டிசி அடாப்டர் போட்டு, ஒவ்வொரு வெள்ளை எல்இடிக்கும் ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 9 மில்லிஆம்பியர் ஓடும். மாடலுக்கு அந்த வெளிச்சமே அதிகம்தான், 2.2 கிலோஓம் போட்டால் மாலை நேர வெளிச்சம் வரும்.

கேள்வி: 3டி பிரிண்டில் கோட்டை செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர், முழுப் பணமும் முன்பணமாகக் கேட்கிறார். அவரிடம் இருப்பது 1:48 ஃபைல், "சுருக்கித் தருகிறேன்" என்கிறார்.

பதில்: முழு முன்பணம் வேண்டாம். முதலில் ஒரே ஒரு கோபுரத்துக்கு மட்டும் பணம் கொடுத்து அதை உங்கள் அளவில் அடித்துத் தரச் சொல்லுங்கள், கையில் வாங்கிப் பார்த்த பிறகு மீதி. 1:48-ஐ 1:87 ஆக்கினால் எல்லாமே 55 சதவீதமாகும். 2 மி.மீ. சுவர் 1.1 மி.மீ. ஆவதில் பரவாயில்லை, ஆனால் 0.6 மி.மீ. ஜன்னல் கம்பி 0.33 மி.மீ. ஆகிவிடும், பிளாஸ்டிக் இழையை உருக்கி அடிக்கும் இழை பிரிண்டரின் வழக்கமான முனையே 0.4 மி.மீ., அந்தக் கம்பி ஒன்று வராது, இல்லை பிசிறடிக்கும். ஜன்னல், கைப்பிடி, கூரை முனை இவற்றை மட்டும் நுணுக்கமாக அடிக்கும் ரெசின் பிரிண்டரில் கேளுங்கள், சுவர் இழையில் இருக்கட்டும், செலவும் குறையும்.

கூடவே இதையும் கேட்டுப் பாருங்கள். டிஸ்னிலேண்ட் கோட்டையில் மேலே போகப் போகக் கற்களைச் சின்னதாக்கியிருப்பார்கள், அதனால்தான் 77 அடி அவ்வளவு உயரமாகத் தெரிகிறது. உங்கள் கோட்டையிலும் கீழ்த்தளத்தை 1:87-லும், மேல் கோபுரங்களின் ஜன்னலையும் கல்வரியையும் 1:120 பக்கத்திலும் வைக்கச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே சதவீதத்தில் சுருக்கித் தருவதற்கும் இதற்கும் உழைப்பு வேறு, அதற்கு அவர் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம்.