வாசகர் கேள்வி – பதில்: பொறியாளரான கணவரின் வாழ்வை எழுதுதல்

கேள்வி: என் கணவர் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; சென்ற ஆண்டு காலமானார். முதலாண்டு நினைவு நாளுக்குள் அவருடைய வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் ‘அன்பானவர், நேர்மையானவர், கடும் உழைப்பாளி’ என்பதற்கு மேல் எதுவும் வருவதில்லை. பொறியியல் படிக்காத மனைவி பொறியாளரான கணவரைப் பற்றி எழுத முடியுமா? அப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா?
— ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: முடியும், அம்மா; எழுதியும் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த லிலியன் கில்பிரெத். அவருடைய கணவர் ஃபிராங்க் கில்பிரெத், வேலை செய்பவரின் உடல் அசைவுகளை ஆராய்ந்து, வீண் அசைவையும் அதனால் வரும் அலுப்பையும் குறைக்க வழி கண்ட பொறியாளர். 1924 ஜூன் 14 அன்று, நியூஜெர்சி மாநிலத்தில் தாம் வாழ்ந்த மான்ட்கிளேர் ஊரின் ரயில் நிலையத்திலிருந்து மனைவியுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 55. மறு ஆண்டே லிலியன் எழுதிய கணவரின் வாழ்க்கைச் சித்திரம் நூலாக வெளிவந்தது. வெளியிட்டது தொழில்துறைப் பொறியாளர்களின் சங்கம் ஒன்று. லிலியனும் பொறியியல் கல்லூரியில் படித்தவர் அல்லர். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்றவர். திருமணத்துக்குப் பின் கணவர் தந்த ஊக்கத்தால் உளவியல் பக்கம் திரும்பி, கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டே படித்து, 1915-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

‘அன்பானவர், நேர்மையானவர்’ என்ற சொற்கள் பொய்யல்ல. ஆனால் அவை எந்த நல்ல மனிதருக்கும் பொருந்துவதால், படிப்பவர் மனத்தில் உங்கள் கணவரின் முகத்தை எழுப்புவதில்லை. ஃபிராங்கின் வாழ்க்கையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வயதில் தந்தையை இழந்து, தாயின் உழைப்பில் வளர்ந்த அவர், 1885-இல், தம் 17-ஆம் வயதில், மேற்படிப்புக்குச் செல்லாமல் பாஸ்டன் நகரில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் செங்கல் வேலை கற்கச் சேர்ந்தார். கற்றுக்கொடுத்த கொத்தனார் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு விதமாகவும், அவசரமாக வேலை செய்யும்போது வேறு விதமாகவும், நிதானமாகச் செய்யும்போது இன்னொரு விதமாகவும் கைகளை அசைப்பதை அந்தப் பையன் கவனித்தான். இவற்றுள் எதைக் கற்பது என்ற கேள்வி அவனுக்குள் எழுந்தது. அவர் வாழ்நாள் முழுதும் செய்த வேலை அந்தக் கேள்விக்கான விடையே. ‘கூர்ந்த அறிவுடையவர்’ என்று எத்தனை முறை எழுதினாலும், கொத்தனாரின் கையையே பார்த்து நிற்கும் அந்தப் பையனை நம்மால் காண முடியாது.

ஆகவே, உங்கள் கணவர் முன்னின்று கட்டிய பாலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து தொடங்குங்கள். அடித்தளம் தோண்டும்போது பாறை எந்த ஆழத்தில் கிடைத்தது, ஆற்று நீரை எப்படித் திருப்பிவிட்டார்கள், வடிவமைப்பில் எதை மாற்ற வேண்டியதாயிற்று, அதற்காக அவர் யாரிடம் வாதாடினார் என்று, அவரோடு பணியாற்றிய இளநிலைப் பொறியாளர்களையும் சாலை ஆய்வாளரையும் மேஸ்திரியையும் தேடிப்போய்க் கேளுங்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கும், இதைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் அவருடைய நாட்குறிப்புகளோ கையெழுத்துப் போட்ட வரைபடப் பிரதிகளோ இருந்தால், புரியாத எண்கள் என்று பரணில் ஏற்றிவிடாமல், பொறியியல் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படியுங்கள். கூடவே, உங்களுக்கு மட்டுமே தெரிந்தவற்றையும் எழுதுங்கள். மழை வலுத்த இரவுகளில் எந்தப் பாலத்தை நினைத்து அவர் உறங்காமல் இருந்தார்? பேருந்தில் போகும்போது எந்தப் பாலத்தில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார்? இடமாற்றல் ஆணை வந்த நாட்களில் வீடு எப்படி இருந்தது? இவை எந்த அலுவலகக் கோப்பிலும் இராது. தொழில் தொடர்பான பக்கங்களைப் பிறர் சரிபார்த்துத் தரலாம். இந்தப் பக்கங்களை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத இயலாது.

கேள்வி: செங்கல் வைப்பதில் இருந்த அசைவுகளை கில்பிரெத் 18-லிருந்து ஐந்துக்கும் கீழே குறைத்தார் என்று படித்தேன். இது தொழிலாளியைக் கசக்கிப் பிழியும் வழிதானே?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: அவர் செய்ததை முதலில் பாருங்கள். கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து, எடுத்து, நல்ல முகம் எதுவென்று புரட்டிப் பார்த்து, வைத்தபின் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். சுவர் உயர உயர ஏற்றிக்கொள்ளும் சாரமும், கல்லும் கலவையும் இடுப்பளவில் இருக்கும் மேடையும் அமைத்ததால் குனிவது நின்றது. சித்தாளே கற்களைத் தேர்ந்து முகம் பார்த்து அடுக்கித் தந்ததால் புரட்டுவது நின்றது. கலவையின் பதம் சரியானதும் தட்டுவதும் தேவைப்படவில்லை. மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 கல் வரை வைத்தார்கள். அன்றைய தொழிற்சங்கங்களுக்கு இத்தகைய ஆய்வுகள் மீது சந்தேகம் இருந்தது, அது நியாயமான சந்தேகமும்கூட. கூடுதலாகக் கிடைக்கும் பயன் யார் கைக்குப் போகிறது என்பதை ஒரு வேலைமுறை தானாகத் தீர்மானித்துவிடுவதில்லை. ஆனால் கில்பிரெத் தம்பதியர், கடிகாரத்தை வைத்து நேரத்தை மட்டும் அளக்கும் போக்கிலிருந்து விலகியவர்கள். களைப்பைக் குறைப்பது பற்றியே 1916-இல் தனி நூல் எழுதினார்கள். முதல் உலகப் போரில் கை கால் இழந்த வீரர்களுக்கு ஏற்ற வேலைமுறைகளையும் ஆராய்ந்தார்கள். தொழிலாளியின் மனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆய்வில் வலுப்பெற்றதற்கு லிலியனின் பங்கு பெரிது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கணவர் இறந்த சில நாட்களிலேயே லிலியன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார் என்று சொல்கிறார்கள். ஒரு மனைவிக்கு அது எப்படி மனம் வந்தது?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: லண்டனில் உலக மின்னாற்றல் மாநாட்டிலும் பிராக் நகரில் மேலாண்மை மாநாட்டிலும் கலந்துகொள்ள ஃபிராங்க் புறப்பட இருந்த வேளையில் இறப்பு நேர்ந்தது. அவர் இடத்தில் லிலியன் போனார். வீட்டில் பதினொரு பிள்ளைகள். மூத்த மகளுக்கு 18 வயது, கடைசிக் குழந்தைக்கு இரண்டுகூட நிறையவில்லை. (பன்னிரண்டு பேரில் ஒரு பெண் 1912-இல் தொண்டை அடைப்பான் நோயில் இறந்திருந்தாள்.) அந்த நிலையில் வீட்டை விட்டுப் போனதைக் கல்மனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கணவருடைய முறை அவரோடு முடிந்துவிடவில்லை என்று அந்த அவையில் காட்டாவிட்டால், பிள்ளைகளைக் காப்பாற்றும் தொழிலே அற்றுப்போயிருக்கும். அஞ்சியது ஓரளவு நடக்கவும் செய்தது: பெண்ணோடு ஒப்பந்தம் வைக்கத் தயங்கிய நிறுவனங்கள் விலகிக்கொண்டன. அவர் வீட்டிலேயே அசைவாய்வு வகுப்புகளைத் தொடங்கி நடத்தினார். பர்டியூ பல்கலைக்கழகத்தில் கணவர் ஆற்றிவந்த விரிவுரைகளை ஏற்று, 1935-இல் அங்கேயே பேராசிரியரானார். 1965-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. மறுமணம் செய்துகொள்ளாமல் 1972 வரை வாழ்ந்தார். 1944-இல் மேலாண்மைத் துறைச் சாதனைக்கான கேன்ட் பதக்கம் வழங்கப்பட்டபோது, இறந்து 20 ஆண்டுகள் ஆன ஃபிராங்கின் பெயரும் லிலியனின் பெயரும் சேர்த்தே அறிவிக்கப்பட்டன.