தொண்டையில் சிக்கும் கதிர்: வேப்பங்கொட்டை காப்பாற்றுமா?

கேள்வி: காட்டுமன்னார்கோவில் பக்கம், வீராணம் பாசனத்தில் சம்பா நட்டிருக்கிறேன் ஐயா. போன வருஷம் கதிர் முழுசாக வெளிவராமல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. உறையைப் பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு, மணியெல்லாம் சாவி, வெறும் பதர். வேப்பங்கொட்டையும் சீமைக்கருவேல இலையும் பூஞ்சாணத்தை அடக்கும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம், பருவம் தவறாமல் அடித்தால். உங்கள் வயலில் வந்தது இலையுறை அழுகல் என்ற பூஞ்சாண நோய். வேம்பில் உள்ள அசாடிராக்டின், நிம்பின் போன்ற கசப்புப் பொருள்களும், சீமைக்கருவேல இலையில் உள்ள ஜூலிஃப்ளோரின் போன்ற அல்கலாய்டுகளும் பூஞ்சாண வித்து முளைப்பதையும் இழை ஓடுவதையும் தடுக்கின்றன. அழுகிப்போன உறையை எதுவும் மீட்காது. அதனால் புள்ளி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கதிருக்கு முன் வரும் கடைசி இலையான கண்ணாடி இலை வந்து கதிர் பொதி கட்டும்போதே முதல் தெளிப்பு, 15 நாள் கழித்து இரண்டாவது.

ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம்பருப்பு வேண்டும். பறித்து 3 மாதம் ஆன கொட்டையாக இருக்கட்டும். 8 மாதத்துக்கு மேல் போனால் வீரியம் குறையும், பூசணம் பிடித்தது கூடவே கூடாது. இடித்துத் துணியில் முடிந்து, 20 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பால் போல வரும்வரை பிழிந்து வடிகட்டுங்கள். 200 லிட்டராக்கி, இலையில் ஒட்டக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, அன்றைக்கே தெளித்துவிடுங்கள். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும். மாலையில்தான் அடிக்க வேண்டும். காலையில் நெல் பூ விரியும் நேரத்திலும் வேண்டாம்.

வேம்பு கிடைக்காவிட்டால் சீமைக்கருவேல இலைத்தூள் அல்லது நெய்வேலிக் காட்டாமணக்கு இலைத்தூள், இரண்டில் ஒன்று ஏக்கருக்கு 10 கிலோ எடுத்துச் சாறாக்கித் தெளிக்கலாம். உங்கள் வாய்க்கால் கரையிலேயே காட்டாமணக்கு மண்டிக் கிடக்குமே! ஆனால் அது ஆடு மாட்டுக்கு நஞ்சு. இலை உலர்த்தும் இடத்தில் ஆட்டை அண்டவிடாதீர்கள்.

இன்னொன்று. தண்டுத் துளைப்பானும் சிலந்திப்பேனும் உண்டாக்கும் காயம் வழியாகத்தான் இந்தப் பூஞ்சாணம் எளிதில் நுழைகிறது. வேப்பங்கொட்டைச் சாறு பூச்சியையும் தடுப்பதால் நான் முதலில் சொல்வது அதைத்தான். யூரியாவை அள்ளி வீசாமல் பிரித்துப் போடுங்கள், பொட்டாஷைக் குறைக்காதீர்கள். நோய் கண்ட வயலில் விதைநெல் எடுக்கவே வேண்டாம். அடுத்த போகத்துக்குக் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கலந்து நேர்த்தி செய்யுங்கள்.