வீட்டுத்தோட்டம் கேள்வி பதில்: பூச்சாடியிலும் சிறு முற்றத்திலும் டேலில்லி

கேள்வி: அட்டையில் ‘மினியேச்சர்’ (மிகச் சிறியது) என்று எழுதியிருந்த டேலில்லியை வாங்கிப் பூச்சாடியில் வைத்தேன். அடுத்த கோடையில் அதன் பூந்தண்டு இடுப்பளவு உயர்ந்துவிட்டது. கடையில் தவறான செடியைத் தந்துவிட்டார்களா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: கடைக்காரர்மீது குறையில்லை. டேலில்லிகளில் மினியேச்சர் என்னும் பெயர் பூவின் விட்டத்தைப் பார்த்து வைக்கப்படுவது. செடியின் உயரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. புதிய வகைகளைப் பதிவுசெய்யும் அமெரிக்க டேலில்லிச் சங்கத்தின் வரையறைப்படி, 3 அங்குலத்துக்குக் குறைவான பூவைத் தருவது மினியேச்சர். 3 அங்குலம் முதல் 4.5 அங்குலத்துக்கு உட்பட்ட பூவைத் தருவது சிறுபூ வகை. ‘கோர்க்கி’ என்ற பழைய மஞ்சள் வகையின் பூ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதன் தண்டு ஏறத்தாழ 34 அங்குலம் எழும். தோட்டத்தின் பின்வரிசையில் அது மிக அழகாக இருக்கும் என்றாலும், பூச்சாடிக்கு அது பொருந்தாது. ஒரு பலத்த காற்றில் தண்டு சாய்ந்துவிடும்.

ஆகவே பூச்சாடிக்கு வாங்கும்போது அட்டையிலுள்ள படத்தைவிடப் பூந்தண்டின் உயரத்தையே முதலில் பாருங்கள். 18 அங்குலத்துக்கு மேற்பட்டதைத் தவிர்ப்பது நல்லது. இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் யப்லொன்ஸ்கி 1975இல் பதிவுசெய்த ‘ஸ்ரெல்லா டி ஓரோ’ 11 அங்குல உயரமே வளரும்; பூ 2.75 அங்குலம், கோடை முழுவதும் விட்டுவிட்டுப் பூக்கும். வங்கி வாசலிலும் வாகனத் தரிப்பிடத்திலும் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அதனை இகழ்வதுண்டு. ஆயினும் முதன்முதலாக வளர்ப்பவருக்கு அதைவிட நம்பகமான வகையை நான் சொல்லமாட்டேன். அதன் பொன்மஞ்சள் கண்ணை உறுத்துகிறது என்றால், அதிலிருந்தே உருவாக்கப்பட்ட ‘ஹப்பி ரிரேர்ன்ஸ்’ என்னும் எலுமிச்சை மஞ்சள் வகையைத் தேடுங்கள்.

கேள்வி: பத்தாம் மாடியில் மேற்கு நோக்கிய பால்கனி எங்களுடையது. எவ்வளவு பெரிய சாடி வேண்டும்? மொட்டுகள் விரியாமலே உதிர்வது ஏன்?
– வாசகர், மிசிசாகா

பதில்: குட்டையான வகை ஒன்றுக்கு 12 அங்குல அகலமும் அதே அளவு ஆழமும் கொண்ட சாடி போதும். அடியில் துளைகள் இருக்கவேண்டியது கட்டாயம். தோட்டத்து மண்ணைச் சாடியில் நிரப்பினால் அது இறுகிப்போய் நீரைத் தேக்கும் என்பதால், சாடிகளுக்கென்று விற்கப்படும் மண்கலவையையே வாங்குங்கள். இலையும் வேரும் சேரும் கழுத்துப்பகுதி மண்ணுக்குக் கீழே ஓர் அங்குலத்துக்கு மேல் புதையக்கூடாது. நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயில் கிடைத்தால்தான் நன்றாகப் பூக்கும். மேற்குப் பால்கனியில் அதற்குச் சற்றுக் குறைந்தாலும் பூ வரும், எண்ணிக்கைதான் குறையும்.

மொட்டு உதிர்வதற்குப் பெரும்பாலும் நீர்க்குறைவே காரணம். உயர்மாடிக் காற்று சாடியை விரைவில் உலர்த்திவிடும். மொட்டுக் கட்டும் வாரங்களில் விரலை மண்ணுக்குள் செலுத்திப் பார்த்து, ஈரமில்லையென்றால் சாடியின் அடித்துளையால் நீர் வடியும்வரை ஊற்றவேண்டும். மொட்டுகள் கோணலாகவோ பழுப்புத் தழும்புகளுடனோ இருந்தால் திறிப்ஸ் என்னும் நுண்பூச்சியைச் சந்தேகிக்கலாம். மெதுவாகக் கரையும் பசளையை வசந்தத்தில் ஒருமுறை இட்டால் போதும். நைதரசன் மிகுந்தால் இலைதான் செழிக்கும். ஒவ்வொரு பூவும் ஒரே நாளில் வாடிவிடுவதால், வாடியதை விதைப்பை கட்டுமுன் கிள்ளிவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் சாடியை வேர் நிறைத்துவிடும்; அப்போது வெளியே எடுத்துப் பிரித்து நடவேண்டும்.

கேள்வி: நிலத்தில் நட்ட டேலில்லி பனியைத் தாங்குகிறது, சாடியில் இருந்ததோ வசந்தத்தில் அழுகிக் கிடந்தது. வீட்டுக்குள் எடுத்து வைத்திருக்க வேண்டுமா?
– வாசகி, மார்க்கம்

பதில்: வேண்டாம். வெப்பமூட்டிய அறைக்குள் வைத்தால், குளிர்கால ஓய்வு தேவைப்படும் வகைகள் ஓய்வின்றி நலிந்துபோகும். நிலத்தில் வேரைச் சூழ்ந்துள்ள மண் வெகுவிரைவில் குளிர்ந்துவிடுவதில்லை, மேலே விழும் பனியும் போர்வையாகிறது. சாடியிலோ நாற்புறமிருந்தும் உறைபனி வேரைத் தாக்குகிறது. அதனினும் கேடானது மார்ச் மாதத்தில் பகலில் இளகி இரவில் உறைவதாகும். அடியில் பனிக்கட்டி இறுகியிருக்க, மேலே இளகிய நீர் வடிய வழியின்றிக் கழுத்தைச் சூழ்ந்து நிற்பதாலேயே செடி அழுகுகிறது.

வெப்பமூட்டாத கராஜ் இருந்தால், மண் உறையத் தொடங்கும் காலத்தில் சாடியை அங்கே கொண்டுசென்று, மண் முற்றாகக் காய்ந்துபோகாதபடி எப்போதாவது சிறிது நீர் விட்டுவாருங்கள். முற்றம் உள்ளவர்கள் சாடியோடு நிலத்தில் புதைத்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். பால்கனி மட்டுமே உள்ளவர்கள் சாடிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்துச் சாக்கினால் சுற்றிவிடட்டும். சுட்ட மண்சாடி உறைபனியில் வெடிக்கும் என்பதால் பிளாஸ்ரிக்கே மேல். வாங்கும்போதே, உங்கள் ஊருக்குரிய குளிர்வலயத்தைவிட (குளிரின் கடுமையைக் கொண்டு எண்ணிட்டுப் பிரித்த பகுதி) இரண்டு வலயம் கூடுதலான குளிரைத் தாங்கும் வகையாகத் தெரிவுசெய்யுங்கள்.

கேள்வி: வீட்டின் முன்னால் நான்கடி அகலத் துண்டுநிலம் உள்ளது. தெருவோரம் வளரும் செம்மஞ்சள் டேலில்லியை அயலவர் இலவசமாகத் தருவதாகச் சொல்கிறார். நடலாமா?
– வாசகர், பிராம்ப்டன்

பதில்: நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஆசியாவிலிருந்து வந்த அந்த வகை விதை கட்டாதது; ஆனாலும் நிலத்தடித் தண்டுகளால் பரவி, இரண்டொரு ஆண்டுகளில் உங்கள் நான்கடியையும் பிடித்துக்கொண்டு பக்கத்து வேலிக்கும் போகும். ஒன்ராறியோவின் ஓடைக்கரைகளில் உள்ளூர்ச் செடிகளை நெருக்குவதும் இதுவே. தோட்டவகைகளோ பெரும்பாலும் ஒரே குத்தாக நின்று வளர்பவை. அவற்றை ஒன்றரை அடி இடைவெளியில் வைத்து, இடையிடையே வசந்தத்தில் பூக்கும் டாஃபடில் கிழங்குகளை இலையுதிர்காலத்தில் ஊன்றுங்கள். டாஃபடில் பூத்து முடிந்து இலை பழுக்கும் வேளையில் டேலில்லியின் இலைகள் எழுந்து அதனை மறைத்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பூனை உண்டு. பால்கனியில் டேலில்லி வைக்கலாமா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: பூனை பால்கனிக்கு வருமென்றால் வைக்காதீர்கள். உண்மையான லில்லிகளைப் போலவே டேலில்லியும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இலை, பூ, மகரந்தம் எதுவும் விலக்கல்ல. மகரந்தம் படிந்த உரோமத்தை நக்கினாலும் ஆபத்துத்தான். கடித்ததாகச் சந்தேகம் எழுந்தாலே, நோய்க்குறி தெரியும்வரை காத்திராமல் உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.