எதிரியின் ஹெச்பியைக் கூட்டினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டங்கள் போட்ட களத்தில் டர்ன் மாற்றி டர்ன் சண்டையிடும் டாக்டிகல் ஆர்பிஜி (வியூகம் வகுத்து ஆடும் வீடியோ கேம்) ஒன்றை உருவாக்கி வருகிறேன். ஹார்ட் நிலையில் எதிரிகளின் ஹெச்பி (உயிர்ப்புள்ளிகள்), டேமேஜ் (ஓர் அடி குறைக்கும் ஹெச்பி) இரண்டையும் 20 சதவீதம் கூட்டினேன். ஆடிப் பார்த்தவர்களில் சிலர் சண்டை இழுக்கிறது என்கிறார்கள், சிலர் திடீரென்று செத்துப்போகிறோம் என்கிறார்கள். 20 சதவீதம் அவ்வளவு அதிகமா?

ம.

அன்புள்ள ம.,

சதவீதத்தை விடுங்கள், அடிகளை எண்ணுங்கள். உங்கள் வாள்வீரனின் ஓர் அடி 5 டேமேஜ் என்று வைத்துக்கொள்வோம். 10 ஹெச்பி எதிரி 2 அடியில் விழுவான். அவனை 12 ஆக்கினால் 3 அடி வேண்டும். நீங்கள் கூட்டியது 20 சதவீதம், வேலை கூடியதோ 50 சதவீதம். 12 ஹெச்பி எதிரியை 14 ஆக்கினால் முன்பும் 3 அடி, இப்போதும் 3 அடி; எதுவுமே மாறவில்லை. "திடீர்" சாவுக்கும் இதுதான் காரணம். 20 ஹெச்பி மந்திரவாதி 9 டேமேஜ் அடியை இரண்டு முறை தாங்குவாள். அந்த அடி 10 ஆனதும் இரண்டாவதிலேயே போய்விடுவாள். ஆகவே ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒவ்வொரு எதிரி எத்தனை அடி தாங்குகிறான் என்று நிலைவாரியாக அட்டவணை போடுங்கள். அந்த எண்ணிக்கை எங்கே மாற வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து, அங்கே மட்டும் கை வையுங்கள்.

ஹெச்பியைவிட வலுவான கருவி எதிரிகளின் எண்ணிக்கை. ஆடுபவர் முதலில் நகர்ந்து டர்னுக்கு 2 பேரை வீழ்த்துகிறார் என்றால், 6 எதிரிகள் மொத்தம் 4+2, அதாவது 6 முறை தாக்குவார்கள். 8 எதிரிகள் என்றால் 6+4+2, 12 முறை! ஆள் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, தாக்குதல் இரட்டிப்பானது. எனவே ஒருவரை மட்டும் கூட்டிப் பாருங்கள். அவரும் இன்னொரு வாள்வீரனாக வேண்டாம். பின்வரிசையில் நின்று குணப்படுத்துபவராகவோ மேட்டில் நிற்கும் வில்லாளியாகவோ இருக்கட்டும். ஆட்டத்தை உண்மையில் கடினமாக்குவது, யாரை முதலில் அடிப்பது என்று யோசிக்கவைப்பதுதான். துணைப்படை வருவதானால் எந்தக் கட்டத்தில் வரும் என்பதை ஒரு டர்ன் முன்பே காட்டிவிடுங்கள். வந்த டர்னிலேயே அது தாக்கினால் நீங்கள் சோதிப்பது ஆடுபவரின் ஞாபகத்தைத்தான்.

ஈஸியில் எதிரிகளை மந்தமாக்க வேண்டாம், அடி படும் வாய்ப்பில் உதவுங்கள். ஃபயர் எம்ப்ளம் என்ற டாக்டிகல் ஆர்பிஜி வரிசையில், 2002இல் வந்த ஆட்டத்திலிருந்தே, அடி படுமா என்று முடிவு செய்ய இரண்டு ரேண்டம் எண்களின் சராசரியை எடுக்கும் வழக்கம் உண்டு; திரையில் காட்டும் சதவீதத்தைவிட அந்தச் சராசரி குறைவாக இருந்தால் அடி படும். திரையில் 90 சதவீதம் என்றால் உண்மையில் சுமார் 98, 20 என்றால் சுமார் 8. எக்ஸ்காம் 2 என்ற ஆட்டமும் எளிய நிலைகளில் மறைவாக உதவுகிறது, மிகக் கடினமான லெஜண்ட் நிலையில் கைவிட்டுவிடுகிறது. ஹார்டில் திரையில் காட்டும் எண்ணே உண்மையான எண்ணாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செத்தவர் திரும்ப வருவாரா என்பதை ஈஸி, ஹார்ட் தேர்வோடு சேர்க்காமல் தனித் தேர்வாக வையுங்கள். ஃபயர் எம்ப்ளம் 2010இல் அப்படித்தான் பிரித்தது.

கடைசியாக ஒன்று. கூடுதல் எதிரி கூடுதல் அனுபவப் புள்ளிகளையும் தருவார். கவனிக்காவிட்டால் பத்தாவது களத்தில் ஹார்ட் ஆடுபவர் நார்மல் ஆடுபவரைவிட உயர்ந்த லெவலில் நிற்பார், சண்டையும் சப்பென்று ஆகிவிடும். ஒரு களத்தின் மொத்தப் புள்ளிகளை முதலில் நிர்ணயித்துவிட்டு, அதை எதிரிகளுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள்.