டாம் அண்ட் ஜெர்ரி கடைசி எபிசோடில் இரண்டு பேரும் தண்டவாளத்தில் உட்கார்ந்து செத்துவிடுவார்களாமே, உண்மையா?

அப்படி ஒரு எபிசோட் இருப்பது உண்மை. கடைசி எபிசோட் என்பது பொய். சாவதாகவும் அதில் காட்டவில்லை.

பெயர் ‘ப்ளூ கேட் ப்ளூஸ்’. டாமையும் ஜெர்ரியையும் உருவாக்கிய ஹன்னாவும் பார்பராவும் எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் ஸ்டுடியோவுக்காக எடுத்து 1956-ல் வெளிவந்தது. அவர்கள் இருவரும் 1940-ல் தொடங்கி மொத்தம் 114 குறும்படங்கள் எடுத்தார்கள். கடைசியாக வந்தது 1958-ல். 1961-ல் வேறு ஆட்கள் கையில் டாமும் ஜெர்ரியும் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டார்கள். சோகப் பாட்டைப் பின்னால் ஒட்டி வாட்ஸ்அப்பில் “இதோடு தொடர் முடிந்தது” என்று சுற்றுவதெல்லாம் சும்மா கதை.

சரி, அதில் என்னதான் நடக்கிறது? டாம் தண்டவாளத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. மேலே பாலத்திலிருந்து ஜெர்ரி பழைய கதையைச் சொல்கிறது, அதுவும் ஆம்பளைக் குரலில். ஒரு வெள்ளைப் பூனை மேல் டாமுக்குக் காதல். பணக்காரப் பூனை புட்ச் போட்டிக்கு வருகிறது. டாம் பூ கொடுத்தால் அது பெரிய மலர் வளையமே அனுப்பும். டாம் ஒரு குப்பி சென்ட் வாங்கினால் அது டேங்கர் லாரியில் கொண்டுவந்து இறக்கும். டாம் வாங்கிய மோதிரத்தில் கல் எங்கே என்று லென்ஸ் வைத்துத்தான் தேட வேண்டும். கடைசியில் அநியாய வட்டிக்கு, அடிமைச் சாசனம் மாதிரி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு ஓட்டைக் காரை வாங்கிக்கொண்டு வரும். புட்ச் கொண்டுவரும் கார் தெரு நீளத்துக்கு இருக்கும். வெள்ளைப் பூனை புட்சையே கட்டிக்கொண்டு போய்விடும்.

சின்ன வயதில் கேபிளில் பார்த்தபோது ஜெர்ரி பேசிய இங்கிலீஷ் ஒன்றும் விளங்கவில்லை, சென்ட் லாரிக்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது பார்த்தால் அந்தப் பத்திரத்தில்தான் கண் நிற்கிறது. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைகளுக்கும் அடகுக் கடைகளுக்கும் நடுவே வளர்ந்தவன். கெத்து காட்டத் தவணையில் பைக் எடுத்து, டியூ கட்ட முடியாமல் “வண்டியை சீஸ் பண்ணிட்டாங்கடா” என்று நடந்து வந்த அண்ணன்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். இதைக் காதல் தோல்விக் கதை என்கிறார்கள். எனக்கு இது கடன் கதை. அந்த வெள்ளைப் பூனையைத் திட்டி வரும் மீம்களில் எனக்கு உடன்பாடில்லை, கடன் வாங்கச் சொன்னது அது இல்லையே.

முடிவில் ஜெர்ரியின் காதலியும் வேறொரு எலியைக் கட்டிக்கொண்டு காரில் போகிறது. ஜெர்ரியும் இறங்கிவந்து டாம் பக்கத்தில் உட்காருகிறது. ரயிலின் கூவல் நெருங்கி வரும்போது படம் முடிந்துவிடும். ரயிலைக் காட்டவே மாட்டார்கள். தியேட்டரில் பெரியவர்களும் பார்க்க எடுத்த படம் என்பதால் அன்றைக்கு இதைக் கறுப்பு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். சின்னப் பிள்ளைகள் தனியாகப் பார்க்கும் நேரத்தில் இதைப் போடக்கூடாது என்பதுதான் என் கட்சி.

அக்கா மகள் அந்த ஃபார்வர்டைப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். தட்டுவடை செட் வாங்கி வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் கூட உட்கார்ந்து பார்த்தேன். “ரயில் வரவே இல்லையே மாமா, அப்புறம் எப்படிச் செத்துச்சுன்னு சொல்றாங்க?” என்றாள். அடுத்த வருடங்களில் வந்த படங்களைத் தேடிக் காட்டினேன். இரண்டும் வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தன. உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டாலும் அதையே செய்யுங்கள்.